டைம் அண்ட் டைட்: அந்த 'டைட்' கடல் அலைதானா?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது ஓர் ஆங்கிலப் பழமொழிக்குப் பொருள். மகள் படிக்கும் பள்ளிக்கூடச் சுவரில் 'காலமும் கடல் அலையும் எவருக்காகவும் காத்திருப்பதில்லை' என்று எழுதி, அதற்குக் கீழே 'டைம் அண்ட் டைட் வெய்ட்ஸ் ஃபார் நன்' என்று ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை. பேச்சுப்போட்டிக்கு அதையே தலைப்பாக எடுத்துக்கொண்டு, பாதி எழுதும்போது உங்களிடம் கேட்டிருக்கிறாள்: "ஒரு அலை போனா அடுத்த நிமிஷமே இன்னொரு அலை வருதே, அப்புறம் அது காத்திருக்கலேன்னா என்ன நஷ்டம்?" குளச்சல் கடற்கரையில் வளர்கிற பிள்ளை கேட்காமல் வேறு யார் கேட்பார்? ஆக, இந்தப் பழமொழி கடலைப் பார்த்தவர்கள் சொன்னதுதானா, சொன்னது சரிதானா, அதை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது என்பதுதான் உங்கள் கேள்வி. கூடவே 'வெய்ட்'டா 'வெய்ட்ஸ்'ஸா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவிலைச் சுற்றியுள்ள பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். கடல் விஞ்ஞானம் என் துறை இல்லை. அந்தப் பகுதியில் பாடப்புத்தக அளவுக்கு மேல் போக மாட்டேன்.

முதலில் பிள்ளைக்கு ஒரு சபாஷ் சொல்லுங்கள். அவள் பிடித்தது சரியான இடம். டைட் என்றால் அலை அல்ல. அலைக்கு ஆங்கிலத்தில் வேவ். டைட் என்பது கடல்நீர் மட்டமே மெதுவாக ஏறுவதும் மெதுவாக இறங்குவதும். அவளுடைய சமூக அறிவியல் புத்தகங்களில் இதற்கு 'ஓதம்' என்று பெயர். உயர் ஓதம், தாழ் ஓதம் என்று படிப்பாள். நம் மாவட்டத்தில் மேற்கே மலையாளம் கலந்து பேசுகிற பக்கம் வேலியேற்றம், வேலியிறக்கம் என்பார்கள். மற்றபடி 'கடல் ஏறி நிக்கி', 'கடல் வத்திக் கெடக்கு' என்று சொன்னாலே எல்லாருக்கும் புரியும். சந்திரனும் சூரியனும் இழுப்பதால் வருகிற மாற்றம் இது. நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால்தான் இன்றைக்குக் காலை 6 மணிக்கு நிறைந்து நின்ற கடல் நாளைக்கு 6.50 வாக்கில் நிறையும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம்.

ஆனால் நம் ஊரில் இந்த ஏற்ற இறக்கம் கண்ணில் அவ்வளவாகப் படாது. கன்னியாகுமரிக் கரையில் மொத்த வித்தியாசமே ஒரு மீட்டருக்குள்தான். கடற்கரையில் நிற்பவருக்கு அலை தெரியும், நுரை தெரியும், மட்டம் ஏறியது தெரியாது. தெரிய வேண்டுமானால் மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் பொழிமுகத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பாலத்துத் தூணில் ஈரக்கோடு எங்கே இருக்கிறது, தண்ணீர் இப்போது எங்கே நிற்கிறது என்று காட்டுங்கள். கொஞ்ச நேரம் பொறுத்தால் ஆற்றுத் தண்ணீர் கடலைப் பார்த்துப் போகாமல் உள்பக்கமாகத் திரும்புகிற நேரத்தையும் பார்க்கலாம். ஏற்றத்தில் கடல் ஆற்றுக்குள் வருவதுதான் அது. அங்கே அலையே இருக்காது, ஆனால் டைட் இருக்கும். இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

இன்னொரு இடம் கன்னியாகுமரிப் படகுத்துறை. விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுவதை 'கடல் நீர்மட்டம் தாழ்வு' என்று சொல்லி அவ்வப்போது நிறுத்திவைப்பார்கள், பத்திரிகையிலும் வரும். தண்ணீர் குறைந்தால் படகின் அடி பாறையில் தட்டும், துறையில் அணைக்கவும் முடியாது. அந்த நேரத்தில் டிக்கெட் கவுன்டர் பக்கம் நின்று கேட்டுப் பாருங்கள். வட இந்தியாவிலிருந்து வந்தவர், மாலை ரயிலைப் பிடிக்க வேண்டியவர், குழந்தையைத் தோளில் போட்டிருப்பவர் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்ப சார் விடுவீங்க?" பதிலும் ஒன்றுதான்: "தண்ணி ஏறணும் சார்." காசு கூடக் கொடுத்தாலும், பெரிய இடத்துச் சிபாரிசு கொண்டுவந்தாலும் அந்தப் பதில் மாறாது. பழமொழியின் உட்பொருள் இதில் முழுசாக இருக்கிறது. கடல் திரும்பி வராது என்று அந்தப் பழமொழி சொல்லவே இல்லை. அது தன் நேரத்துக்குத்தான் வரும், தன் நேரத்துக்குத்தான் போகும், உன் சௌகரியத்துக்கு ஒரு நிமிடம்கூடத் தள்ளிவைக்காது என்கிறது. ஆகவே பிள்ளையின் 'திரும்ப வருதே' என்ற வாதம் அலை என்ற மொழிபெயர்ப்பை உடைக்கும், பழமொழியை உடைக்காது. (2024 டிசம்பர் 30 அன்று திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வந்த பிறகு, பாறைக்குப் போய்விட்டவர் திருவள்ளுவர் சிலைக்கு நடந்தே போய்விடலாம். முன்பு அந்தத் துண்டுக்கும் தண்ணீரின் தயவு வேண்டியிருந்தது.)

இங்கிலாந்துக்காரருக்கு இது ஏன் பழமொழி ஆகிற அளவுக்குப் பெரிய விஷயம் என்றால், அங்கே கடல் ஏறி இறங்கும் அளவே வேறு. லண்டன் நகருக்குள் தேம்ஸ் ஆற்றில் ஓதத்தின் வித்தியாசம் 7 மீட்டர் வரை போகும். நம் ஊர் இரண்டு மாடி வீட்டு உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாய்மரக் கப்பல் காலத்தில் இறக்கத்தோடு கிளம்பினால் ஆறே கப்பலைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போகும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் எதிரோட்டத்தில் நங்கூரம் போட்டு அடுத்த இறக்கம் வரை கிடக்க வேண்டியதுதான், ஏறக்குறைய அரை நாள். அதற்குள் காற்று மாறிவிட்டால் அரை நாள் ஒரு வாரமாகவும் ஆகலாம். முதலாளி கப்பலில் ஏறவில்லை என்பதற்காக ஆறு நிற்காது. பிள்ளை கேட்ட நஷ்டம் இதுதான்.

நம் கரையில் அப்படி இல்லை. மணலிலிருந்து நேரே கட்டுமரத்தையும் வள்ளத்தையும் தள்ளி இறக்கியவர்களுக்குக் கடல்மட்டம் ஒரு முழம் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? அவர்கள் பார்த்தது காற்றையும் திரையையும். விடியலுக்கு முன்னால் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், பகலில் கடல்காற்று வீசும்போது கரை திரும்பினார்கள். வெளிப்பொருத்து இன்ஜின் வந்த பிறகு அந்தக் கணக்கும் தளர்ந்துவிட்டது. தமிழில் நேரத்தைப் பற்றிய பழமொழிகளில் ஓதம் தலைகாட்டாமல் போனதற்கு இதுதான் காரணம் என்பது என் அனுமானம், நிரூபிக்க முடியாது. நமக்குக் 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' இருக்கிறது, 'பருவத்தே பயிர் செய்' இருக்கிறது, இரண்டும் களத்துமேட்டுச் சங்கதி. கடலை வைத்துச் சொன்னது 'அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது' என்பது. அதுவும் தள்ளிப்போடுகிறவனைக் குத்துவதற்குத்தான். பேச்சுப்போட்டியில் பிள்ளைக்கு அலை கட்டாயம் வேண்டும் என்றால் இந்தப் பழமொழியைச் சேர்த்துக்கொள்ளட்டும். அங்கே அலை சரியான இடத்தில் இருக்கிறது.

இனி வரலாறு. இதில் உறுதியானதும் உண்டு, உறுதி இல்லாததும் உண்டு. உறுதியானது: டைட் என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் கடலோடு சம்பந்தமே கிடையாது. அதற்குப் பொருள் 'காலம், வேளை, பருவம்'. ஜெர்மன் மொழியில் காலத்துக்கு இன்றும் 'ட்சைட்' என்கிறார்கள், அது இதன் உறவுக்காரச் சொல். நம் மாவட்டத்து சி.எஸ்.ஐ. சபைகளில் பழைய ஆங்கிலப் பாட்டு பாடிப் பழகியவர்களுக்கு 'ஈவன்டைட்' தெரிந்திருக்கும். மாலைக் கடல் என்று அதற்குப் பொருள் இல்லை, மாலை வேளை. கிறிஸ்துமஸ் காலத்துக்கு யூல்டைட், உயிர்ப்புப் பெருவிழாக் காலத்துக்கு ஈஸ்டர்டைட். எல்லாமே வேளையும் பருவமும்தான். கடல் ஏறி இறங்குவதற்கு அந்தச் சொல் வழங்கத் தொடங்கியது 14, 15ஆம் நூற்றாண்டுகள் வாக்கில். அதற்கு முன்பே, 1225ஐ ஒட்டி எழுதப்பட்ட புனித மார்கரெட்டின் சரித்திரம் ஒன்றில் 'நீ பிறந்த டைடும் டைமும் ஆசீர்வதிக்கப்படும்' என்று இரண்டு சொல்லும் ஜோடியாக வருகின்றன. அதாவது, நாம் 'காலநேரம்' என்றும் 'பேரும் புகழும்' என்றும் ஒரே பொருளை இரட்டித்துச் சொல்கிற இணைமொழி மாதிரிதான் அதுவும். எழுத்து மோனையும் பொருந்திவிட்டதால் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

உறுதி இல்லாதது: பழமொழியாக இதைச் சொன்னவர்கள் மனதில் நேரம் மட்டும் இருந்ததா, கடலும் இருந்ததா என்பது. இது எழுத்தில் நிலைபெறும் காலத்தில் டைட் என்றால் கடல் ஏற்றம் என்ற பொருளும் வழக்கில் வந்துவிட்டது. 1592இல் ராபர்ட் கிரீன் என்ற லண்டன் எழுத்தாளர் 'டைடும் டைமும் எவருக்காகவும் தாமதிப்பதில்லை' என்ற வடிவத்தில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த லண்டன்வாசி தேம்ஸை நினைக்காமல் இருந்திருப்பாரா? எனக்குத் தோன்றவில்லை. ஆகவே 'உண்மையில் கடலே இல்லை, எல்லாரும் தப்பாகப் புரிந்துகொண்டார்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விளக்கமும் பாதி உண்மைதான். ஜோடி பிறந்தது நேரத்தில், வளர்ந்தது கடலில் என்று சொன்னால் இரண்டு பக்கமும் அநியாயம் இல்லை.

ஆங்கிலக் கவிஞர் சாசர் சொன்னார் என்று பல இடங்களில் போட்டிருப்பார்கள். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் எழுதியதில் 'தூங்கினாலும் விழித்தாலும் காலம் ஓடிக்கொண்டே இருக்கும், எந்த மனிதனுக்கும் நிற்காது' என்ற கருத்து இருப்பது நிஜம். ஆனால் அந்த வரியில் டைட் இல்லை. கனூட் அரசன் கதையையும் இதற்கு மூலம் என்று சொல்வார்கள். கடற்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஏறி வரும் கடலை நில் என்று கட்டளையிட்டு, கால் நனைந்த அரசன். 12ஆம் நூற்றாண்டில் ஹென்றி ஆஃப் ஹன்டிங்டன் என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்த கதை அது. அதிலிருந்துதான் பழமொழி வந்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனாலும் பேச்சுப்போட்டிக்கு அருமையான கதை. ஒரே ஒரு நிபந்தனை: அரசனை முட்டாளாகக் காட்டக்கூடாது. மூலக் கதையில், அரசனின் அதிகாரமும் இவ்வளவுதான் என்று எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும் என்று அவனே சொல்கிறான். பழமொழியின் முடிவில் 'நன்' என்பதற்குப் பதில் 'நோ மேன்' என்று வருகிற வடிவத்துக்கு அரசன் முதற்கொண்டு எவனும் என்று அர்த்தம் விரிவது இங்கேதான்.

அலை என்ற மொழிபெயர்ப்பு நம்மிடம் இவ்வளவு ஊன்றியதற்கு ஆங்கிலமும் கொஞ்சம் பொறுப்பு. சுனாமிக்கு ஆங்கிலத்தில் வெகுகாலம் 'டைடல் வேவ்' என்றுதான் பெயர். டைடும் வேவும் ஒரே மூச்சில். ஆனால் சுனாமிக்கும் ஓதத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாளாகவும் அமைந்துவிட்டதால் நம் ஊரில் சிலர் இன்னும் இரண்டையும் முடிச்சுப் போடுகிறார்கள். அன்று வந்தது சுமத்ராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால். கள்ளக்கடல் என்று நம் கரையில் எச்சரிக்கிறார்களே, அதுவும் ஓதம் இல்லை. தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கும் புயல்காற்று எழுப்பிய நெடுந்திரை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் வந்து ஏறுவது. மூன்றையும் பிள்ளைக்குப் பிரித்துச் சொல்லிவிடுங்கள். பழமொழிக்காக இல்லாவிட்டாலும், கடற்கரையில் குடியிருக்கிற பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது எங்கே சொல்லலாம் என்பது. இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. இது முடுக்கிவிடுகிற பழமொழி. ஆறுதல் சொல்ல உதவாது. ஒருவர் ஒன்றைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார், கடைசித் தேதி யாருக்காகவும் நகராது என்ற இடத்தில்தான் இதற்கு வேலை. 'ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் வெள்ளிக்கிழமையோடு முடியுது, டைம் அண்ட் டைட்...' என்று அப்பா மகனிடம் சொல்லலாம். நம் பிள்ளைகள் கட்டுரையில் இதைப் பெரும்பாலும் வேறு இடத்தில் போடுகிறார்கள். 'நேற்றுதான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த மாதிரி இருக்கிறது, அதற்குள் பத்தாம் வகுப்பு' என்பதற்கு இது பொருந்தாது. அதற்கு 'டைம் ஃப்ளைஸ்'. சாவு வீட்டிலோ, பரீட்சையில் தோற்றவரிடமோ சொன்னால் குத்திக்காட்டுவது போல் ஆகிவிடும். கிடைத்த வாய்ப்பை விடாதே என்பதற்கும் இது சரியான தேர்வு இல்லை, ஏனென்றால் இதில் வாய்ப்பைப் பற்றிய பேச்சே கிடையாது. ஏறும் கடலை வாய்ப்பாகக் காட்டியது ஷேக்ஸ்பியர். ஜூலியஸ் சீசர் நாடகத்தில் புரூட்டஸ், மனிதர் காரியங்களிலும் ஓர் ஏற்றம் உண்டு, அது பெருகும்போதே பிடித்துக்கொண்டால் செல்வத்தில் கொண்டு சேர்க்கும் என்கிறான். அது வேறு பேச்சு. அதற்கு இணை வேண்டுமானால் வள்ளுவரே 'எய்தற் கரியது இயைந்தக்கால் அந்நிலையே செய்தற் கரிய செயல்' என்று 489ஆம் குறளில் வைத்திருக்கிறார்.

யார் யாரிடம் சொல்வது என்பதும் முக்கியம். பெரியவர் சின்னவரிடம் சொல்லலாம், நண்பன் நண்பனிடம் சொல்லலாம், தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். மேலதிகாரிக்கோ வாடிக்கையாளருக்கோ எழுதும் கடிதத்தில் வேண்டாம். திருவனந்தபுரத்தில் ஐ.டி. வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நினைவூட்டல் எழுதும்போது இதைக் கடைசி வரியாகச் சேர்த்திருந்தான். அனுப்பும் முன் எனக்குக் காட்டினான். "இந்த வரியை எடுத்துட்டு, செவ்வாய்க்கிழமைக்குள்ள பதில் கிடைச்சா நல்லதுன்னு மட்டும் போடு மக்களே" என்றேன். பழமொழியில் புத்திமதி வாடை அடிக்கும். புத்திமதி கேட்காதவருக்கு அது கோபத்தைத்தான் தரும். இன்றைக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் இதைக் கனமாகச் சொல்வது குறைவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பேசிக்கொண்டிருந்த இடத்தைவிட்டு எழும்பும்போது, 'சரி, டைம் அண்ட் டைட்' என்று பாதியிலேயே நிறுத்திச் சிரித்துக்கொண்டு கிளம்புவார்கள். மீதியைக் கேட்பவர் மனதுக்குள் முடித்துக்கொள்வார்.

பேச்சுப்போட்டி என்பது வேறு மேடை. அங்கே பழமொழி தாராளமாக வரலாம். ஆனால் இதையே முதல் வரியாக வைக்க வேண்டாம் என்பேன். நேரத்தைப் பற்றிய போட்டி என்றால் பாதிப் பேர் இதில்தான் தொடங்குவார்கள். நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், மூன்றாவது பிள்ளை 'டைம் அண்ட்' என்று வாயைத் திறக்கும்போதே பேனா மதிப்பெண் தாளைவிட்டு இறங்கிவிடும். அதற்குப் பதில் படகுத்துறையில் காத்திருக்கும் கூட்டத்தில் தொடங்கி, 'தண்ணி ஏறணும் சார்' என்ற பதிலுக்குப் பிறகு பழமொழியைக் கொண்டுவரட்டும். தமிழில் சொல்லும்போது 'காலமும் கடல் ஏற்றமும்' என்றோ 'காலமும் ஓதமும்' என்றோ சொல்லலாம். ஓதம் என்ற சொல் கேட்பவருக்குப் புதிதாக இருந்தால் ஒரு வாக்கியத்தில் விளக்கிவிட்டால் போதும். உச்சரிப்பிலும் ஒரு கவனம் வேண்டும். தமிழில் எழுதினால் இறுக்கமான டைட்டும் இந்த டைடும் ஒன்றுபோலத்தான் இருக்கும். டிக்டேஷனில் 'டைம் அண்ட் டைட்' என்று சொன்னால் சட்டை டைட்டாக இருக்கிறது என்பதற்கு எழுதும் எழுத்துக்களை எழுதிவைக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு. கடைசி ஒலி 'ரைட்' என்பதில் வரும் வல்லின முடிவு அல்ல, 'ரோடு' என்பதில் வரும் மென்மையான ஒலி.

கடைசியாக இலக்கணம். டைம் ஒன்று, டைட் ஒன்று, இரண்டும் சேர்ந்தால் பன்மை. ஆகவே 'வெய்ட்'தான் சரி, 'வெய்ட்ஸ்' இன்றைய இலக்கணப்படி பிழை. பழைய ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே பொருளாக எடுத்து ஒருமை வினை போட்ட வடிவங்கள் இருந்தன என்று சொல்லி யாராவது வாதாடினால் வாதாடட்டும். தேர்வுத்தாளில் அந்த வாதம் எடுபடாது. முடிவில் 'நோ மேன்' என்பது அகராதிகள் தரும் வடிவம். 'நன்' என்பது நம் நாட்டில் அதிகம் புழங்குவது, தவறில்லை. ஆணை மட்டும் சொல்வது போல் இருக்கிறது என்று நினைப்பவர்கள் 'நோ ஒன்' என்கிறார்கள், அதுவும் சரிதான். சுவரை மறுபடி வெள்ளையடிக்கும் சமயத்தில் தலைமையாசிரியரிடம் அந்த 'எஸ்'ஸை மட்டும் எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.